காளிராஜ் அண்ணாச்சி காயப்போட்ட கிழங்கு

வருஷத்துக்கு ஒரு நாள் சமைக்கிற ஆம்பளை என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மற்ற நாளெல்லாம் தண்ணீர்ச் செம்பு இருக்கும் இடம்கூடத் தெரியாது. அந்த ஒரு நாள் மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "உப்பு எங்கன? கத்தி எங்கன? எம்புட்டு நேரமாக் கூப்பிடுறேன்!" என்று வீட்டையே ஓடவிட்டு, இருக்கிற பாத்திரத்தையெல்லாம் அழுக்காக்கி, நீங்கள் மெல்லுவதற்கு முன்பே "எப்படி?" என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என்ன சொல்லிவிட முடியும்?

சிவகாசி காளிராஜ் அண்ணாச்சி இந்த இனத்துக்குத் தலைவர். பட்டாசுக் கம்பெனி முதலாளி. தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி அடைத்திருந்த நேரத்தில், மதுரைக்குப் போய் ஒரு ஓவன் வாங்கி வந்தார். அதில் சமைக்க அவர் குறித்த நாளைப் பாருங்கள்: மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்து, நாரணாபுரத்துச் சம்பந்தி வீட்டார் முதன்முதலாகக் கை நனைக்க வரும் நாள்! அன்றைக்கு விருந்தில் ஒரு குறை என்றால் மகளுக்கு ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்களே. அவர் மனைவி பத்திரகாளி அடுப்படி வாசலை மறித்து நின்றாள்.

"நீங்க எதுக்குச் சிரமப்படுறீக? எப்பவும்போல நானே உருளைக்கெழங்க வறுத்துர்றேன்."

"சும்மா இரு. புஸ்தகத்தப் பாத்து நான் பண்றேன்."

ஓவனோடு வந்த புத்தகத்தில், கிழங்கில் ஈரம் இருக்கக் கூடாது என்று போட்டிருந்தது. துணியால் துடைத்தால் போதும். பட்டாசுக்காரருக்கு அப்படியா படும்? வெடிமருந்தை வெயிலில் காயப்போட்டே பழகிய கை! விருந்துக்கு இரண்டு நாள் முன்பே கிழங்கை நறுக்கி, மிளகாய்த்தூள், பூண்டு, சோம்பு, உப்பு எல்லாம் பிசறி, மொட்டை மாடியில் சாக்கு விரித்து, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாகப் பரப்பி, இரண்டு வெயில் காட்டினார். அப்புறம்தான் எண்ணெய், ஓவன் எல்லாம். வெளியே வந்தது வற்றலா ஜல்லியா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இலையில் விழுந்தது. சம்பந்தி ரத்தினசாமியும் பட்டாசுக்காரர்தான். ஒரு துண்டைக் கடித்தார். சத்தம் அடுப்படி வரை கேட்டது. பந்தியே கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. பத்திரகாளி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ரத்தினசாமி இன்னொரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நிஜமான அக்கறையோடு சொன்னார்.

"அண்ணாச்சி, இன்னும் ஒரு வெயில் கேக்குது."

"நானும் அதத்தான் நெனச்சேன்!" காளிராஜுக்கு முகமெல்லாம் பல்.

சம்பந்தியம்மா பத்திரகாளியின் காதோரம் குனிந்தாள். "மதினி, எங்க வீட்லயும் ஒரு ஓவன் கெடக்கு."

பத்திரகாளிக்கு விருந்தைப் பற்றிய பயம் போய், மகளைப் பற்றிய பயம் வந்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே, 'வெயில் எதற்கு, ஃபேனுக்கு அடியில் போட்டிருக்கலாமே' என்று உங்களுக்கு ஒரு யோசனை தோன்றியதா, இல்லையா? தோன்றியதென்றால், தயவுசெய்து விருந்தாளி வருகிற நாளில் வெளியூர் போய்விடுங்கள்.