ரிவர்ஸ் அண்ணனின் ஐந்து வார்த்தைகள்

எங்கள் நெட்டுக்குப்பத்தில் தலையில் அடிபட்டவனைக் காட்டிலும் அடிபடாதவனை அதிகம் கிறுகிறுக்க வைத்தவர் ரிவர்ஸ் அண்ணன்தான். உலகத்தில் எந்தக் கடற்கரைக்கு வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று மாதங்களைத் தலைகீழாக ஒப்பிக்கும் மீனவர்கள் எங்கள் குப்பத்தில் மட்டும்தான் கிடைப்பார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். எங்கேயோ இரண்டு நாள் விளையாட்டு முதலுதவிப் பயிற்சிக்குப் போய், தலையில் அடிபட்டவனைச் சோதிக்கும் முறை அச்சிட்டு லேமினேட் செய்த ஓர் அட்டையோடு திரும்பினார். அன்றைக்குப் பிடித்தது எங்கள் கால்பந்து டீமுக்குச் சனி. யாருக்காவது தலை இடித்தால், விசில் ஊதும் முன்பே மைதானத்துக்குள் இருப்பார்.

"இது எந்த கிரவுண்டு? கடைசி கோல் எவன் போட்டான்? போன வாரம் ஜெயிச்சமா, தோத்தமா?"

"தோத்தோம்ணா."

"அத்த மறந்திருந்தா நல்லாயிருந்திருக்கும். சரி, மாசத்த பின்னாலேர்ந்து சொல்லு."

நல்லா இருக்கும்போது எவன் எப்படி என்று தெரிந்தால்தான் அடிபட்டபின் வித்தியாசம் தெரியுமாம். அதனால் சீசன் தொடங்குமுன்பே எங்களை வரிசையாக ஒற்றைக் காலில், கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நாங்களோ விடிகாலையில்தான் கடலிலிருந்து கரையேறியவர்கள். எங்களுக்குத் தரைதான் ஆடும். பதினொரு பேரும் ஆடினோம்.

"இன்னாடா இது, டீமா, ஒயின்ஷாப் வாசலா?" என்று கத்தினார். பிறகு தாடையைச் சொறிந்து யோசித்து, சோதனையைக் கழிமுகத்தில் கட்டியிருந்த ஃபைபர் படகுக்கு மாற்றினார். அங்கே பதினொரு பேரும் கொக்கு மாதிரி நின்றோம். அட்டையில் 'தரை' என்பதை அடித்து, மார்க்கரால் 'படகு' என்று எழுதிக்கொண்டார்.

நான்தான் கோல்கீப்பர். ஒரு பெரிய கம்பெனி டீமுக்கு ஆள் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேர்வு, தேறினால் நிரந்தர வேலை. வீட்டில் எல்லோரும் அந்த ஒரு நாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை விம்கோ நகர் டீமோடு பயிற்சி ஆட்டம். பந்துக்குப் பாய்ந்தேன். பந்து வெளியே போனது, நான் கம்பத்துக்குப் போனேன். நான் பாட்டுக்கு எழுந்து, கம்பீரமாக நடந்துபோய் எதிர் டீமின் கோலில் நின்றேனாம். அண்ணன் காலரைப் பிடித்து வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தார். அன்று இருட்டும்வரை என்னைவிட்டு நகரவில்லை.

மறுநாள் மறுசோதனை. அவர் ஐந்து வார்த்தை சொல்வார். உடனே ஒருமுறை, கொஞ்ச நேரம் கழித்து ஒருமுறை திருப்பிச் சொல்லவேண்டும். இரண்டு வருடமாக அதே ஐந்து என்பதால் குப்பத்தில் மீன் விற்கும் அக்காக்களுக்குக்கூட மனப்பாடம். பையன்கள் எனக்கு ராத்திரியெல்லாம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அண்ணன் எதிரே உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"சாவி, தக்காளி, குடை, நாற்காலி, கயிறு!" என்றேன்.

"டேய், நா இன்னும் வாயே தொறக்கல."

புதிதாக ஐந்து சொன்னார். இரண்டுதான் தேறியது. "சரி, படகுல ஏறு" என்றார். முழங்கால் தண்ணீரில் கட்டிப்போட்ட படகு. காலைத் தூக்கினேன். அடுத்து நான் பார்த்தது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தலைகீழாக. நடக்கப் பழகும் முன்பே படகில் நிற்கப் பழகியவன், ஊர் பார்க்கத் தண்ணீரில் விழுந்தேன். அண்ணன் லுங்கியோடு குதித்துத் தூக்கினார்.

"ஞாயித்துக்கெழம நீ போவல."

"வேல போயிடும்ணா! வூட்ல இன்னா சொல்றது?"

"நா சொல்லிக்கறேன். இன்னொரு அடி வாங்கினா பேஜாராயிடும் நைனா."

நான் திருட்டுத்தனமாகக் கிளம்புவேன் என்று அவருக்குத் தெரியாதா? ஞாயிறு காலை எங்கள் தெருமுனையில் நாற்பதடி கன்டெய்னர் லாரி குறுக்கே நின்றது. சைக்கிள் என்ன, ஓர் ஆள்கூட நுழைய இடமில்லை. ஊரே சத்தம் போட்டது. "வண்டி ரிப்பேரு" என்று சொல்லிவிட்டு பேப்பர் படித்தார். தேர்வு முடிகிற நேரத்துக்கு ரிப்பேர் தானாகச் சரியாயிற்று. அன்றைக்கு அழுதேன்.

அதோடு விட்டாரா? மூன்று வாரம் தினமும் வீட்டுக்கு வந்தார். முதலில் ஓய்வு, அப்புறம் நடை, அப்புறம் மெல்ல ஓட்டம். தலைவலி வந்தால் ஒருபடி கீழே. வலி இல்லை என்று நான் சொன்னாலும், "கண்ணு சுருங்குது, டபாய்க்காத" என்பார். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் அவரைத் திட்டினேன். இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாத திட்டு. முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"கோர்வையா வருது. மூள தேறிகினு கீது" என்று அட்டையில் டிக் அடித்துவிட்டுப் போனார்.

அந்த வேலை வேறொருவனுக்குப் போனது. போன மாதம் டீக்கடையில் பார்த்தபோது கேட்டேவிட்டேன்.

"ஏண்ணா, அன்னிக்கி நா ஆடியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதில்ல?"

"ஆவாமயும் இருந்திருக்கலாம்."

"அப்போ என் வேலைய சும்மாவா கெடுத்த?"

டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்கு ஒண்ணு ஆயிருந்தா, உங்கம்மா மூஞ்சிய நா எப்டிடா பாக்கறது?"

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை, ஒளிப்பானேன்? ஆனால் இன்றைக்கும் லேசாகத் தலை வலித்தால், கை முதலில் தேடுவது அவருடைய நம்பரைத்தான்.