சர்டிபிகேட் சாமி வால்வு வாங்கிய கதை

பொருளைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒரு ரகம், விலையைப் பார்த்து வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டிலும் ஒட்டாமல், பொருள் என்று ஒன்று வந்து தொலைப்பதையே பெரிய தொந்தரவாக நினைத்து, அதோடு கூட வரும் காகிதத்தை மட்டும் வாங்குகிற மூன்றாவது ரகம் ஒன்று உண்டு, வாசகரே. எந்தப் பெரிய தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும், கொள்முதல் பிரிவைத் தாண்டி, கதவு எப்போதும் சாத்தியிருக்கிற ஏசி அறையில் இந்த ரகத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வெளியே 'தரக் கட்டுப்பாடு' என்று பலகை தொங்கும். தரத்தை அவர் எப்போது கடைசியாக நேரில் பார்த்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார்.

நம்முடைய ஆளுக்கு அங்கே சர்டிபிகேட் சாமி என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருக்கிறது. ஸ்டோர்க்காரர் போன் செய்து, "சார், வால்வு வந்திருக்கு, ஒரு எட்டு வந்து பார்க்கறீங்களா?" என்று கேட்டால் சாமியின் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"பேப்பர் வந்துச்சா?"

"இன்னும் வரல சார். வால்வு வந்துடுச்சு."

"பேப்பர் வரலன்னா வால்வு வரலன்னு அர்த்தம்."

அவ்வளவுதான். லாரியிலிருந்து இறக்கிய வால்வு, ரெண்டு ஆள் சேர்ந்து தூக்க முடியாத கனத்தோடு, மழையில் நனைந்துகொண்டு முற்றத்தில் கிடக்கும். போகிறவன் வருகிறவனெல்லாம் அதில் கால் இடித்துக்கொண்டு திட்டுவான். ஆனாலும் அது வரவில்லை.

காகிதம் வந்த நாளில் பார்க்க வேண்டுமே அவரை. கண்ணாடியைத் துடைத்து, மேஜையில் இருக்கிற டீ கிளாஸை அப்புறப்படுத்தி, கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்கிற மாதிரி ஃபைலைப் பிரிப்பார். அழுத்தச் சோதனை அறிக்கை, உலோகத்தில் கார்பன் எவ்வளவு மாங்கனீஸ் எவ்வளவு என்கிற பட்டியல், சூடேற்றி ஆறவைத்த விவரம், எல்லாவற்றையும் விரல் வைத்துப் படிப்பார், முத்திரை கோணலாக விழுந்திருக்கிறதா, கையெழுத்து நீல மையா கறுப்பு மையா, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டிருக்கிறதா என்று தோண்டித் துருவுவார், ஒரு பக்கத்தில் முத்திரை விட்டுப்போயிருந்தால் முகம் மலர்ந்துவிடும். மொத்தத்தையும் திருப்பி அனுப்புவார். விற்கிறவர்கள் என்ன லேசுப்பட்டவர்களா? சாமிக்கு ஃபைல் அனுப்பும்போது வேண்டுமென்றே ஒரு முத்திரையை விட்டுவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் மனுஷன் வேறெதையும் கிளற மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் காகிதமெல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்பாடு என்னவோ அருமையான ஏற்பாடுதான். உலையில் ஒரு தடவை உருக்கி வார்க்கிற உலோகத்துக்கு ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண் வால்வின் உடம்பிலும் இருக்கும், சர்டிபிகேட்டிலும் இருக்கும். நாளைக்கு வால்வு விரிசல் விட்டால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே அது பிறந்த உலை வரைக்கும் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். இதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: யாராவது ஒருத்தர் குனிந்து வால்வைப் பார்க்க வேண்டும். சாமி குனிகிற ஆள் இல்லை. ஃபைலின் முதல் பக்கத்து எண்ணும் கடைசிப் பக்கத்து எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார், காகிதத்துக்குக் காகிதம் சாட்சி சொல்லிவிட்டால் டிக் அடித்துவிடுவார்.

இப்படி டிக் வாங்கிய வால்வுகளில் ஒன்று கொதிகலன் கூடத்துக்குப் போயிற்று. உயர் அழுத்த நீராவி ஓடுகிற பிரதானக் குழாயில் மாட்ட வேண்டியது. அதைத் திறக்கிற ஷிப்டில் நிற்பவன் வேறு யாருமில்லை, சாமியின் மனைவியுடைய சொந்தத் தம்பி. வால்வை எடுத்துக் கொடுக்கும்போது ஸ்டோர்க்காரர் அதன் உடம்பிலிருந்த எண்ணைச் சீட்டில் எழுதினார், ஃபைலில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டார், தலையைச் சொறிந்துகொண்டு மச்சானிடம் சொன்னார். மச்சானுக்கு உலோகத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நீராவி பட்டால் தோல் எப்படி உரியும் என்பது தெரியும், கூட வேலை பார்த்த ஒருத்தருக்கு அப்படி ஆனதைப் பார்த்திருக்கிறான். அக்காவுக்குப் போன் போட்டான்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏங்க, தம்பி நிக்கிற இடத்துல புது வால்வு மாட்டப் போறாங்களாமே. நல்ல வால்வுதானே?"

"நல்லதா இல்லாமலா நான் கையெழுத்துப் போடுவேன்?"

"பார்த்தீங்களா?"

"வரி விடாம பார்த்தேன்."

"வால்வைப் பார்த்தீங்களான்னு கேக்கறேன்."

"உனக்கு இதெல்லாம் புரியாது, மோரை ஊத்து."

"எனக்குப் புரிய வேண்டாம். நம்பர் வேறயா இருக்குன்னு தம்பி சொல்றான். அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்கம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன், அதை மட்டும் சொல்லுங்க."

நம்பர் வேறு என்றதும் சாமிக்குச் சோறு இறங்கவில்லை. மச்சானுக்காகத் துடித்துப்போனார் என்று இரக்கப்பட்டுவிடாதீர்கள். தன்னுடைய ஃபைலில் ஓட்டையா? அந்தக் கவலைதான் ராத்திரி முழுக்கப் புரட்டிப் புரட்டிப் போட்டது. விடிந்ததும் முதல் வேலையாக விற்றவருக்குப் போன் அடித்தார்.

"உங்க பேப்பர்ல ஒரு நம்பர் இருக்கு, வால்வுல ஒரு நம்பர் இருக்கு. என்னய்யா வியாபாரம் பண்றீங்க?"

"மன்னிச்சுக்கங்க சார். உங்களுக்கு எந்த நம்பர் வேணும், சொல்லுங்க."

கவனித்தீர்களா? மூளையில் கொஞ்சம் ரத்தம் ஓடுகிற எவனும் அந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு நேரே கொதிகலன் கூடத்துக்கு ஓடியிருப்பான். சாமி என்ன செய்தார்? ஸ்டோர்ச் சீட்டை எடுத்து, வால்வில் இருந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிதானமாக, தப்பில்லாமல் படித்துக் காட்டினார். சாயங்காலத்துக்குள் புது சர்டிபிகேட் வந்துவிட்டது. எண் இப்போது கச்சிதமாகப் பொருந்தியது. கார்பன் அதே அளவு. மாங்கனீஸ் அதே அளவு. சோதனை செய்த தேதி அதே தேதி. கையெழுத்தும் அதே கையெழுத்து. பழைய தாளைக் கிழித்தார், புதுத் தாளைச் செருகினார், ஃபைலைத் தடவிக் கொடுத்தார். மனசு நிறைந்துவிட்டது.

மச்சான் அறைக்கே வந்து, கிழிந்த தாளையும் புதுத் தாளையும் எட்டிப் பார்த்தான். "சார், எல்லாம் அப்படியே இருக்கே. நம்பர் மட்டும்தானே மாறியிருக்கு?"

"அது தப்பா இருந்துச்சு, மாத்தியாச்சு. இன்னும் என்னடா வேணும்?"

மறுநாள் வால்வை மாட்டியாயிற்று. நீராவி விட வேண்டும். உற்பத்தி நின்றுபோய்க் கிடப்பதால் மேலதிகாரிகள் வாசலிலேயே நின்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் கையுறையை மாட்டிக்கொண்டு வால்வின் சக்கரத்தில் கையை வைத்தான். வைத்த கை திருகவில்லை. வேலை இடத்தில் எப்போதும் சார் என்றே கூப்பிடுகிறவன் அன்றைக்கு எல்லோர் முன்னாலும், "மாமாவைக் கூப்பிடுங்க, பக்கத்துல வந்து நிக்கட்டும், எனக்குத் தெம்பா இருக்கும்" என்றான்.

சாமி ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். கூடத்து வாசல் வரைக்கும் நன்றாகத்தான் வந்தார். உள்ளே குழாயின் உறுமலும் அனலும் முகத்தில் அடித்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"நான் இங்கிருந்தே பார்க்கறேன். நீ திற."

"உள்ள வாங்க மாமா."

"ஹெல்மெட் இல்லடா."

ஸ்டோர்க்காரர் தன் தலையிலிருந்ததைக் கழற்றி நீட்டினார். சாமி அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "இரு, ஒரு போன் வருது" என்று சுவருக்குப் பின்னால் ஒதுங்கினார். போன் எதுவும் வரவில்லை. அந்தச் சுவரோரம் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றபோதுதான், இத்தனை வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக, காகிதம் இல்லாமல் ஒன்றைப் பார்த்தார் மனுஷன். அந்தத் தாளை அவரே நம்பவில்லை. அது வந்து சேர்ந்த சாயங்காலமே நம்பவில்லை. நம்பாமல்தான் மனைவியின் தம்பியை அதற்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்.

மச்சான் சக்கரத்திலிருந்து கையை எடுத்தான். வெளியே வந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு அவருக்கு நேர் எதிரே நின்றான்.

"நீங்க நிக்க மாட்டேங்கிற இடத்துல என்னை மட்டும் ஏன் மாமா நிக்க வைக்கறீங்க?"

சாமி ஃபைலைத் திறந்து பக்கம் தேட ஆரம்பித்தார்.

மச்சான் திறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டதால் வால்வைக் கழற்றி வெளியாளிடம் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தச் சூட்டைத் தாங்குகிற உலோகமே இல்லை, சாதாரணத் தண்ணீர்க் குழாய்க்கு வார்த்தது என்று பதில் வந்தது. திறந்திருந்தால் அன்றைக்கோ அடுத்த மாதமோ வெடித்திருக்கும், அக்கா அடையாளம் கண்டுபிடிக்க முகம்கூட மிஞ்சியிருக்காது. சாமி கலங்கினாரா? அந்தச் சோதனை அறிக்கைக்கு ரெண்டு நகல் கேட்டு வாங்கி, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, அதே ஃபைலில் முதல் பக்கமாகச் செருகினார். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "பேப்பர் மட்டும் இல்லேன்னா இந்த விஷயம் வெளியவே வந்திருக்காது" என்று பேசினார். கை தட்டினார்களாம். வயிறு எரிகிறதா இல்லையா? வீட்டில் மட்டும் யாரும் தட்டவில்லை. தம்பி இப்போதெல்லாம் அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை, அக்காதான் அவனைப் பார்க்கப் போய்விட்டு வருகிறாள்.

நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள், சந்தோஷம். நீங்களும் சமீபத்தில் எங்கேயோ 'சரிபார்க்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். லிப்டோ, பள்ளி வேனோ, மருந்துப் பெட்டியோ, எதுவாக இருந்தால் என்ன? அதற்குப் பக்கத்தில் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் இந்த நிமிஷம் நின்றுகொண்டு, கொஞ்சம் வந்து கூட நில்லுங்களேன் என்று கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன, அதற்குள் உங்களுக்கும் ஒரு போன் வந்துவிட்டதா?