பொரித்த எண்ணெயில் ஓடிய புதுக் கார்

புதுப் பொருளைத் தொடவே அஞ்சுகிறவன் கையில்தான் அது சீக்கிரம் சீரழியும். புதுச் செருப்பு தேய்ந்துவிடும் என்று கையில் தூக்கிக்கொண்டு நடப்பவன் காலில்தான் முள் குத்தும். இந்த உண்மையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கருநீலக் கார். கற்றுக்கொண்ட நேரத்தில் என் உயிர் சயாமுக்குப் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பியிருந்தது.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். மந்தினுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் லாரி டிரைவர். சண்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வெள்ளைக்காரத் துரை அந்தக் காரை வரவழைத்திருந்தார். ஆசை தீர ஓட்டுவதற்குள் குண்டு விழத் தொடங்கியது. அவர் ராணுவ லாரியில் ஏறித் தெற்கே போய்விட்டார். கார் கொட்டகையிலேயே கிடந்தது. இருக்கையில் ஒட்டிய காகிதத்தைக்கூட யாரும் கிழிக்கவில்லை.

தோட்டத்தை மேற்பார்க்க வந்த ஜப்பான் அதிகாரி காரைக் கண்டதும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு எங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, யாருக்கு ஓட்டத் தெரியும் என்று கேட்டார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. போனவர்கள் திரும்பவில்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே நின்றது. போதாக்குறைக்கு, வண்டி ரிப்பேரும் தெரியும் என்று சொல்லி வைத்தேன். (அதுவரை நான் கழற்றிப் பார்த்த ஒரே இயந்திரம் மாமனார் வீட்டுச் சுவர்க் கடிகாரம். அது அப்புறம் ஓடவேயில்லை.)

அதிகாரி கோபக்காரர். ஆனால் காரிடம் மட்டும் தாயாக இருந்தார். ஒரு சேற்றுப் பொட்டு பட்டாலும் தன் கைக்குட்டையால் துடைப்பார். அவருக்குத் தெரிந்த மலாயில் முக்கால்வாசி ‘பெலான்-பெலான்’தான். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். நான் மெதுவாகவே ஓட்டினேன். தேர் இழுக்கிறவர்கள்கூட அவ்வளவு நிதானமாக இழுக்க மாட்டார்கள். சைக்கிள்காரர்கள் மணியடித்து எங்களை முந்திப் போனார்கள். ஒருமுறை ஒரு மாட்டு வண்டியும் முந்தியது. மாடு திரும்பிப் பார்த்தது.

கொஞ்ச நாளில் கார் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. பெட்ரோலைச் சொல்லவில்லை, எஞ்சினுக்கு ஊற்றும் கறுப்பெண்ணெயைச் சொல்கிறேன். காலையில் ஊற்றுவேன், சாயங்காலம் அளவுக் கம்பியில் நனைந்த தடமே இருக்காது. பின்னால் நீலநீலமாய்ப் புகை. என் பெண்டாட்டி அஞ்சலை லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஏங்க, புது வண்டிங்கிறீங்க, நம்ம கெழட்டு லாரியே தேவல போலருக்கே” என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து இன்னும் மெதுவாக ஓட்டினேன். எண்ணெயையும் அளவுக் கம்பியின் மேல் கோட்டுக்கு மேலேயே ஊற்றி வைத்தேன். இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுகிற வம்சம் நாங்கள். ஊற்ற ஊற்றப் புகை கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்தக் காலத்தில் கறுப்பெண்ணெய் என்பது தங்கம் மாதிரி. ராணுவம் கொடுத்த தகரம் கண்ணெதிரே காலியாவதைப் பார்த்த அதிகாரி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, எண்ணெயை யாருக்கு விற்கிறாய் என்று கேட்டார். கார்தான் குடிக்கிறது என்றேன். புதுக் கார் எண்ணெய் குடிக்காது என்றார். அடுத்த தகரமும் இப்படித் தீர்ந்தால் நீ சயாம் ரயிலில் என்று விரலை வடக்கே நீட்டிக் காட்டினார்.

அடுத்த தகரமும் அப்படியே தீர்ந்தது.

மந்தினில் காதர் நானா என்று ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர். அரிசி இல்லாத காலத்தில் மரவள்ளிக்கிழங்கை அரைத்து வடையாகத் தட்டிப் பொரித்து ஊரையே காப்பாற்றியவர். நான் போய் நிலைமையைச் சொன்னேன். அவர் அடுப்படியில் வைத்திருந்த பழைய தேங்காயெண்ணெய்த் தகரத்தைக் காட்டினார். பல நாள் பொரித்துப் பொரித்து, கறுப்பெண்ணெயே வெட்கப்படும் கறுப்பில் இருந்தது.

“எண்ணெதானே தம்பி. வழுவழுன்னு இருந்தா வண்டிக்கு என்னா தெரியப் போவுது லா. எடுத்துட்டுப் போ,” என்றார்.

வேட்டியில் வடிகட்டி, கார் நிறைய ஊற்றினேன்.

மறுநாள் காலை பார்த்து ஒரு பெரிய அதிகாரி வந்து இறங்கினார். எங்கள் அதிகாரியே அவர் முன் வில்லாக வளைந்தார். இருவரையும் சி ரூசா கடற்கரையில் இருந்த ஒரு பங்களாவுக்கு நான் கொண்டுபோக வேண்டும். அங்கே ஏதோ முக்கியமான கூட்டம்.

சிரம்பான் வரை பிழைத்தேன். போர்ட்டிக்சன் சாலையில் திரும்பி எஞ்சின் நன்றாகச் சூடானதும் கிளம்பியது பாருங்கள், வடை வாசம். அப்படியே கல்யாண வீட்டுப் பின்கட்டு வாசம். சாலையோர வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். பிள்ளைகள் தட்டும் மங்குக் கிண்ணமுமாய்க் காருக்குப் பின்னால் ஓடி வந்தன. நாங்கள் போன வேகத்துக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை, நடந்தாலே போதும். ஒரு கிழவர் என் சன்னலோரமாகவே நடந்து வந்து, “தம்பி, ஒண்ணு குடுத்துட்டுப் போப்பா” என்று தேங்காய்ச் சிரட்டையை நீட்டினார். இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று அந்தச் சிரட்டையைப் பார்க்க முடியாமல் நேரே பார்த்துக்கொண்டேன்.

பெரிய அதிகாரி மூக்கை உறிஞ்சினார். அவர் வயிறு கடமுடவென்றது எனக்கே கேட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி, பலகாரத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார். பின்பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒரு கயிறும் ஒரு குடையும் இருந்தன. அவர் மோப்பம் பிடித்தபடியே காரின் முன்பக்கம் போய்விட்டார். வேறு வழியில்லாமல் எஞ்சின் மூடியைத் தூக்கினேன். அளவுக்கு மீறி ஊற்றிய எண்ணெய் எங்கோ கசிந்து, சூடான குழாயில் ‘சொய்ங்’ என்று பொரிந்துகொண்டிருந்தது. அவர் கைக்குட்டை நுனியில் அதைத் தொட்டு முகர்ந்தார்.

“கோரேங்,” என்றார் நிதானமாக. பொரித்தது என்று அர்த்தம்.

எங்கள் அதிகாரி விட்ட அறையில் என் தொப்பி எதிர் வரப்பில் போய் விழுந்தது. எனக்குத் தெரிந்த மலாயையெல்லாம் திரட்டி, எண்ணெய் தீர்ந்துவிட்டது, திருடன் என்பீர்களே, சயாமுக்கு அனுப்புவீர்களே, பயந்து வடைக்கடையில் வாங்கி ஊற்றினேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். பெரிய அதிகாரி என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பின்னால் தட்டோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மேலதிகாரி சிரித்தால் கீழதிகாரியும் சிரித்தாக வேண்டும். எங்கள் அதிகாரி பல்வலிக்காரன் மாதிரிச் சிரித்தார்.

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “லெகாஸ், லெகாஸ்,” என்றார். சீக்கிரம், சீக்கிரம். எங்கள் அதிகாரி ‘பெலான்’ என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். நான் முதன்முறையாக அந்தக் காரை அடிவரை மிதித்தேன். பின்னால் ஒரு புகை மலையைக் கக்கிவிட்டு, மேடெல்லாம் உறுமி ஏறி, சி ரூசாவில் கடலுக்குச் சற்று முன்னால் நின்றோம்.

பங்களாவில் பெரியவர் உத்தரவுப்படி வடை எண்ணெயை வடித்துக் கொட்டிவிட்டு, ராணுவ எண்ணெயைக் கோட்டளவுக்கு ஊற்றினார்கள். அதன் பிறகு புகை நாளுக்கு நாள் குறைந்து நின்றேவிட்டது. சண்டை முடிந்த பிறகு ஒரு சிரம்பான் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். “புது எஞ்சின்ல பிஸ்டன் ரிங்கு எல்லாம் உரசி ஒக்காரணும்ணே. அதுக்கு மிதிச்சு ஓட்டணும். நீங்க தாலாட்டியிருக்கீங்க, எண்ணெயும் அளவுக்கு மேல ஊத்தியிருக்கீங்க. அது என்னா பண்ணும், எரிச்சுத் தள்ளத்தான் செய்யும்,” என்றார்.

திருடன் என்ற பேச்சை அதிகாரி அதற்குப் பிறகு எடுக்கவில்லை. திருடுகிறவன் இவ்வளவு முட்டாளாக இருக்க முடியாது என்று தீர்மானித்திருக்க வேண்டும்.

சி ரூசா போய்வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அஞ்சலை என் சட்டையை முகர்ந்தாள். “என்னைய கிழங்கு திங்க விட்டுட்டு, எங்க போயி வடை தின்னுட்டு வர்றீங்க?” என்றாள். அப்புறம்தான் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். உடனே வெந்நீர் வைத்து, துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். முழுக் கதையையும் கேட்டு முடித்தபோது அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

ஊர் எனக்குக் ‘கோரேங் டிரைவர்’ என்று பெயர் வைத்தது. பல வருஷம் கழித்து என் மகளைப் பெண் பார்க்கப் பாரோயிலிருந்து வந்தவர்கள், என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்து வீடு கிடைக்காமல் அலைந்து, கடைசியில் இந்தப் பெயரைக் கேட்டுத்தான் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காரணம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை, “பலகாரம் போடுறதுல கெட்டிக்காரரும்மா,” என்று என் மானத்தைக் காப்பாற்றினாள்.

சம்பந்தி வீட்டார் அதை நம்பி, கல்யாணத்தன்று என்னை வடைச் சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அன்று தொடங்கிய வழக்கம் இன்னும் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் முதல் வடையை என் கையில் கொடுத்து, எண்ணெய் எப்படி என்று கேட்கிறார்கள். மருமகன் உட்பட எல்லோருக்கும் இப்போது கதை தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள்.

நானும் முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்வேன்: “ஓடும்.”