பிவட் போட்டு வென்ற ஒன்பதாம் திருவிழா

குளச்சல் பக்கத்திலிருந்து,
22.11.2015, ஞாயிறு மத்தியானம்.

பாசத்துக்குரிய மகன் டெல்வினுக்கு, அப்பா ராஜமணி மிகுந்த அன்போடும் அதைவிட மிகுந்த கர்வத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் அம்மாவின் முட்டுவலியும் ஆண்டவர் கிருபையால் சுகம். மஸ்கட்டில் நீயும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இதை வாட்ஸ்ஆப்பில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். சொன்னால் நான் கணக்குப் போட்ட வித்தை அஞ்சு நிமிஷத்தில் அந்தோணியார் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே நாளைக்கு விமானம் ஏறும் ஹசன் கையில், அம்மா கட்டிய நெத்திலிக் கருவாட்டுப் பொதிக்குள் வைத்து அனுப்புகிறேன். வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் என்னவென்றால், பத்து நாள் திருவிழாவில் சப்பரம் போகிற ஒன்பதாம் திருவிழா நமக்கு! நம்ம தெருக் குடும்பங்கள் சேர்ந்த லூர்து மாதா அன்பியத்துக்கு மக்கா!

போன வருஷம் நமக்கு நாலாம் திருவிழாவைத் தந்து அவமானப்படுத்தியது உனக்குத் தெரியும். பேண்டு வாத்தியம் கிடையாது, மைக் பாதியில் செத்துப்போயிற்று, போதாததற்கு மழை. அந்தோணியார் அன்பியத் தலைவர் வேளாங்கண்ணி மூணு வருஷமாய் ஒன்பதாம் நாளில் சப்பரத்துக்கு முன்னால் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, தானே புனிதர் மாதிரி கும்பிட்டுக்கொண்டு நடக்கிறார். மீன் ஏலத்தில் அத்தனை பேர் முன்னால் என்னிடம், “ஓய் ராஜமணி, நாலாம் நாளே உமக்குக் கூடுதலாக்கும்” என்றார். அன்றைக்கு வாங்கிய சாளை மீனை நான் வாயில் வைக்கவில்லை. அம்மாவிடம் கேள்.

இந்த வருஷம் புது ஃபாதர் வந்தார். சப்பரம் கனம் அதிகம், மாறி மாறித் தோள் கொடுக்க வேண்டும், ஆகையால் எந்த அன்பியத்தில் ஆண்பிள்ளைகள் அதிகமோ அவர்களுக்கே ஒன்பதாம் திருவிழா என்று அறிவித்துவிட்டார். வேளாங்கண்ணி உடனே எழுந்து, “எங்க தெருவுல ஆளு கூடுதல், இதுல எண்ணுறதுக்கு என்ன இருக்கு?” என்றார். நான் விடுவேனா? “கணக்கு வரட்டும் ஃபாதர்” என்று சொல்லிவிட்டு நேரே பங்கு அலுவலகத்துக்குப் போய், அங்கே வேலை பார்க்கும் ரெஜிஷா கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் ஆண்கள் பட்டியலைப் பென்டிரைவில் வாங்கிவந்தேன். பெயர், அன்பியம், இருக்கும் ஊர், ஃபோன் நம்பர் எல்லாம் அதில் உண்டு. நல்ல பொறுப்பான பிள்ளை, ஒரு நம்பரைக்கூட விட்டதில்லை.

உன் தங்கச்சி பிரிஜா ஆபீசில் கணக்குப் பார்க்கிற பிஐ சாஃப்ட்வேரைத் தன் பழைய லேப்டாப்பில் போட்டுத் தந்திருந்தாளில்லையா, அதைத் திறந்தேன். பிவட் என்று ஒன்று இருக்கிறது மக்கா. பட்டியலை அப்படியே புரட்டிப் போட்டு, தெருவாரியாகச் சுருக்கிக் கொடுத்துவிடும். முதலில் பெயரைக் கொண்டுபோய் மேலே ‘காலம்ஸ்’ என்கிற கட்டத்தில் போட்டுவிட்டேன். திரை கன்னியாகுமரி வரைக்கும் நீண்டு போயிற்று, இழுத்து இழுத்து விரல் வலித்ததுதான் மிச்சம். பிறகு அன்பியத்தை இடப்பக்கம் வைத்து, ஃபோன் நம்பரை வேல்யூ என்கிற இடத்தில் இழுத்துவிட்டேன். அந்தச் சனியன் எல்லா ஃபோன் நம்பரையும் ஒன்றாகக் கூட்டிவிட்டது! நம்ம தெரு ஜனத்தொகை சீனாவைத் தாண்டிப் போயிற்று. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இத்தன பேருக்கும் யாரு சோறு வைப்பா?” என்று நெஞ்சில் கைவைத்தாள். எனக்கா விட மனசு வரும்? தட்டித் தடவி, கூட்டுகிற ‘சம்’ என்றிருந்ததை எண்ணுகிற ‘கவுண்ட்’ என்று மாற்றினேன். வந்தது பார் கணக்கு! லூர்து மாதா 214. அந்தோணியார் 163. நான் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

இன்று பூசை முடிந்ததும் கூட்டத்தில் அதைப் பெரிய டிவியில் கம்பம் கம்பமாய்ப் படம் போட்டுக் காட்டினேன். நீலத்தில் நம்ம கம்பம் உசரமாய் நிற்கிறது, பக்கத்தில் அந்தோணியார் கம்பம் குட்டையாய்! வேளாங்கண்ணி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். “இது என்ன மாயம் ஓய்?” என்றார். “மாயமில்ல, பிவட்டாக்கும்” என்றேன். ஃபாதர் அங்கேயே மைக்கில் அறிவித்துவிட்டார். நம்ம ஆட்கள் தட்டின கைத்தட்டலில் புறா எல்லாம் பறந்துபோயிற்று. என் அறுபத்திரண்டு வயசில் இப்படி ஒரு சந்தோஷம் பார்த்ததில்லை மக்கா, உன் அம்மாவைக் கட்டின நாள் உட்பட. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, ஏசியைக் குறைத்து வை, செபமாலையை மறக்காதே. சப்பரத்தில் வரும் புனிதரும் மாதாவும் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும்.

வெற்றிகளோடு,
அப்பா ராஜமணி
(ஒன்பதாம் திருவிழாத் தலைவர்)

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பிரிஜா திருவனந்தபுரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். லேப்டாப்பைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “அப்பா, இது வரியையில்லா எண்ணியிருக்கு, ஆள எண்ணல்ல. ஒருத்தனுக்கு மூணு நம்பர் இருந்தா ரெஜிஷா மூணு வரி போட்டிருக்கா. இதுக்கு அவன் மூணு ஆளாக்கும்” என்றாள். டிஸ்டிங்க்ட் கவுண்ட் என்று, ஒருத்தனை ஒரு தடவை மட்டும் எண்ணுகிற எதையோ அமுக்கினாள். 214 ஒரே விழுகையில் 76 ஆயிற்று. அந்தோணியார் தெருவில் பெரும்பாலும் ஆளுக்கு ஒரே நம்பர்தான், அவர்கள் 150-க்குக் கீழே இறங்கவேயில்லை. அதோடு விட்டாளா? இருக்கும் ஊரையும் இழுத்துப் போட்டாள். மஸ்கட், தமாம், குவைத் எல்லாம் போக, நம்ம ஆட்களில் ஊரில் இருப்பது பதினொரு பேர். அதில் நான் ஒருத்தன்.

ஃபாதரிடம் ஓடிப்போய் உள்ளதைச் சொன்னேன். மைக்கில் சொன்னதை மாற்றினால் ஊர் ரெண்டாகும், நீங்களே தூக்குங்கள் என்றுவிட்டார். வேளாங்கண்ணி பக்கத்தில்தான் நின்றார். “சந்தோசம் ஓய். தூக்கும்” என்றார்.

பட்டியலில் உன் பேர் மூணு வரி. இங்கத்த நம்பர் ஒண்ணு, மஸ்கட் நம்பர் ஒண்ணு, நீ எடுக்காதப்போ கூப்பிட உன் ரூம்காரன் நம்பர் ஒண்ணு. நாலு வருஷமா திருவிழாவுக்கு நீ வரல்ல, நான் ஒண்ணும் கேட்டதில்ல. இப்பம் கேக்கேன். மூணு பேருல ஒருத்தனாவது வா மக்கா.