வாய் திறக்காத வேட்பாளர்

கலகலபுரி என்றொரு தேசம். எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள்; சரக்கைப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன் மன்னர் முழக்கவேந்தர் தூக்கத்திலும் பேசுவார். எழுதிக்கொள்ளக் கட்டிலருகே இரண்டு அதிகாரிகள் உண்டு. ஒருநாள் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"கத்துகிறவன் என்ன நினைக்கிறான் என்பது தெரிந்துவிடுகிறது. சும்மா இருக்கிறவன் என்ன நினைக்கிறான்?"

"நம்மைப் பற்றித்தான் மகாராஜா, சந்தேகமென்ன?" என்றார் ஆரவாரத்துறை அமைச்சர் கொட்டுமேளனார்.

மறுநாளே சட்டம் வந்தது. குடிமக்கள் தினமும் முன்பின் தெரியாத நாலு பேரிடம் வலியப் பேசி, ஒருமுறை வயிறு குலுங்கச் சிரித்து, கையில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாதவருக்குச் சந்தையில் இடமில்லை.

இதில் மாட்டிக்கொண்டவர் மாட்டுத் தரகர் மாசிலான். பிறவியிலேயே சொல்லைச் செலவழிக்காத ஆள். தொழிலும் தோதாக அமைந்திருந்தது: துண்டைப் போட்டு, அதனடியில் விரலைப் பிடித்து விலையைக் காட்டினால் பேரம் முடிந்தது. பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது.

அடுத்த சட்டம் அதற்கும் வேட்டு வைத்தது. விலையை இனி உரக்கக் கூவ வேண்டுமாம். ஒருவர் கூவியதைக் கேட்டுச் சந்தையே ஏற்றிச் சொன்னது. வாங்க வந்தவர்கள் வெறுங்கயிறோடு திரும்பினார்கள். சத்தத்தில் மிரண்ட காளைகள் முத்திரைச் சாவடியை மிதித்துத் தள்ளின. 'மாடுகளும் உற்சாகமாகப் பங்கேற்றன' என்று அரசிதழ் எழுதியது.

மூன்று நாள் முத்திரை தவறிய மாசிலானை அமைச்சர் முன் நிறுத்தினார்கள்.

"ஏனய்யா, நாலு பேரிடம் பேசினால் வாய் தேய்ந்துவிடுமா?"

"என்னை என் பாட்டுக்கு விட்டாப் போதுங்க."

"விடுவதா! கூச்சத்துக்கு மருந்து மேடை. தேர்தலில் நில்!"

கலகலபுரியில் மன்னர் பதவிக்கும் தேர்தல் உண்டு. அமைச்சர் காரியக்காரர். மன்னரை எதிர்த்து நிற்கவும் ஓர் ஆள் வேண்டும், அவன் ஜெயிக்கவும் கூடாது.

மாசிலானின் மனைவி சிட்டம்மை தலையில் அடித்துக்கொண்டாள். "தாலி கட்டின அன்னைக்கே பேசாத மனுசன், மேடையில என்னத்தப் பேசப்போறீரு?"

"ஜெயிச்சா அந்தச் சட்டத்தைத் தூக்கிரலாம்ல."

சிட்டம்மை அசந்துபோனாள். அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

மாசிலான் மேடையேறினார். ஒரு மணி நேரம் சும்மா நின்றார். இறங்கினார். காது புளித்துக் கிடந்த ஜனம் சொக்கிப்போயிற்று. அடுத்த கூட்டத்துக்குப் பாய் தலையணையோடு வந்தார்கள். வரியைக் குறைப்பார் என்றான் குடியானவன். கூட்டுவார் என்றான் வரி வசூலிக்கிறவன். இருவருக்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. அமோக வெற்றி.

பதவியேற்றதும் முதல் வேலை, சட்டத்தை நீக்குவது. நீக்குவதையும் உரக்கத்தான் அறிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொன்னது. மாசிலான் மீண்டும் மேடையேறி வாயைத் திறந்தார்.

"பேசுறவங்க பேசட்டும். சும்மா இருக்கிறவங்க சும்மா இருக்கட்டும்."

கைதட்டல் அரை நாழிகை ஓயவில்லை. தனக்காக இப்படியொரு சத்தம் எழுந்து அவர் கேட்டதேயில்லை. காதுமடல் சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லட்டுமா?"

அது ஆறு வருஷத்துக்கு முன்பு. அமைதியின் அருமை பற்றிய அந்த உரை இன்னும் முடியவில்லை. கொட்டுமேளனார் இப்போது அமைதித்துறை அமைச்சர். கூட்டத்தின் நடுவே எழுந்து வீட்டுக்குப் போகிறவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டிருக்கிறார்.

முதல் பெயர் சிட்டம்மை.