நீல மூடி என்னுடையது

அன்பு மச்சானுக்கு,

உன் வீட்டில் அனைவரும் நலமாயிருக்க வேண்டும். என் நலத்தை யாரும் கேட்பதில்லை, "காலையில போச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். எழுத்து எறும்பாகச் சிறுத்துவிட்டது, கண்ணாடி போட்டுப் படி.

உன் அக்காளைப் பற்றி ஒரு புகார். கை நடுங்குகிறதென்று போன என்னிடம் மருத்துவமனை ஆராய்ச்சிக்காரர்கள் மலம் கேட்டார்கள். பார்க்கின்சன் என்கிற இந்த நடுக்கு நோய் வந்தவர்களின் குடலில் கிருமிக் கூட்டம் மாறிவிடுகிறதாம். வகுப்பறையை நினைத்துக்கொள்: நல்ல பிள்ளைகள் சிலர் நின்றுவிட, அந்த இடத்தில் வேறு சிலர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அதனால் ஆசிரியர் நடுங்குகிறாரா, ஆசிரியர் நடுங்குவதால் பிள்ளைகள் போனார்களா என்பது அவர்களுக்கும் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அதே சாப்பாட்டைச் சாப்பிடும், நோயில்லாத ஆள் வேண்டுமென்று உன் அக்காளிடமும் கேட்டார்கள். நோயாளிக்குச் சிவப்பு மூடி டப்பா, துணைக்கு நீலம். எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு டப்பாவில் நீல மூடி எனக்கு, சிவப்பு அவளுக்கு. பழக்க தோஷத்தில் என்னுடையதை நீலத்திலும் தன்னுடையதைச் சிவப்பிலும் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அறிக்கை வந்தது. சிவப்பு டப்பாவில் நோயாளிகள் பலரிடம் காணும் மாற்றங்கள், நீலத்தில் ஒன்றுமில்லை. "பாத்தியா, உன் வயித்துலதான் ரவுடிப் பசங்க" என்றேன். "உங்களோட குடித்தனம் பண்ணினா வேற யாரு வருவாங்க?" என்கிறாள். என் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டே சொல்கிறாள், கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் வழியில்லை. டாக்டரிடம் போய் டப்பா மாறியதைச் சொன்னோம். "இதை வெச்சு யாருக்கும் நோய்னு சொல்ல முடியாது சார்" என்று இரண்டையுமே ஆராய்ச்சியிலிருந்து தள்ளிவிட்டார். வாழ்நாளெல்லாம் மதிப்பெண் போட்டவன், கடைசியில் மலத்தில் தோற்றேன்.

அவளைக் கூட்டிப்போய்க் கொஞ்ச நாள் உன் வீட்டில் வைத்துக்கொள். எனக்கு யார் தயவும் வேண்டாம். பனியனுக்குப் பொத்தான் கிடையாது.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்; வயிற்றைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று சொல்.

இப்படிக்கு,
நீல மூடிக்காரன்,
உன் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். "என்னங்க, பால் தீஞ்சு தெருவே நாறுது." எனக்கு வாசனை போய் வெகுகாலம் ஆகிறது, கை நடுங்குவதற்கு முன்பே மூக்கு போய்விட்டது; பலருக்கு இந்த நோய் அப்படித்தான் தொடங்குமாம். உன் அக்காள் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து என் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு வாசனையும் தெரியலையேங்க" என்றாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. அவளைக் கூட்டிப்போக வேண்டாம், நீ வா. அவளை டாக்டரிடம் காட்ட வேண்டும். என்ன சொல்லி அழைப்பதென்று தெரியவில்லை. நாளைக் காலை பொத்தான் மாட்டும்போது அவள் முகத்தைப் பார்க்காமலும் இருக்க முடியாது.