எக்ஸ்ரே உறை பற்றி ஆசிரியருக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. என் மேசையிலிருந்து உங்கள் அறைக்குப் பன்னிரண்டு அடிதான். நேரில் சொல்வதற்காக மூன்று முறை எழுந்தேன். மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். ஆகவே இந்தக் கடிதம்.

நம் பத்திரிகையின் 'சம்பளத்துக்குப் பிறகு' பகுதியில் சென்ற ஞாயிறு நான் எழுதியதற்கு விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். "ஆறு மாசச் செலவுக்கு ஒதுக்கி வைங்கன்னு எழுதாதம்மா, நம்ம வாசகர் கையில ஆறாம் தேதியே ஒண்ணும் இருக்காது. உங்க வீட்டுல எப்படிச் சமாளிக்கிறாங்களோ அதை எழுது" என்று சொன்னது தாங்கள்தான். அதை அப்படியே செய்தேன். குறைந்த வருமானத்திலும் என் அம்மா தையல் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதை எழுதினேன். வாசகர் மனதைத் தொட வேண்டுமே என்ற ஆர்வத்தில், அவர் சேர்த்து வைக்கும் நான்கு இடங்களையும் சொல்லிவிட்டேன்: அரிசி டப்பாவின் அடி, தையல் மெஷின் இழுப்பறை, மழைக்கோட்டின் உள்பை, பழைய எக்ஸ்ரே உறை. 'எக்ஸ்ரே உறையை யாரும் ஆசைப்பட்டுத் திறப்பதில்லை' என்ற வரியை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. அந்த நான்கு இடங்களும் எங்கள் வீட்டுக்கு மட்டுமே உரியவை என்று நினைத்தேன் ஐயா. எல்லார் வீட்டிலும் அதே நான்குதான் என்று வணிகவியல் வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.

இதுவரை நாற்பத்தொரு கடிதங்கள் வந்துள்ளன. பதினொரு வருடமாகச் சமையலறைப் பக்கம் வராத கணவர் ஞாயிறு காலை "டப்பாவையெல்லாம் நான் கழுவித் தர்றேன்" என்று வந்து நின்றதாக ஒரு செவிலியர் எழுதியிருக்கிறார். வெயில் கொளுத்தும்போது வீட்டுக்காரர் மழைக்கோட்டை உதறிக் காயப்போட்டதாக ஒரு பள்ளி ஆசிரியை. பாராட்டியிருப்பது ஒரே ஒருவர், பேருந்து நடத்துநர்: "கட்டுரை மிகவும் பயனுள்ளதாக இருந்தது. அடுத்த வாரமும் இதுபோன்ற இடங்களை வெளியிடவும்."

எங்கள் வீட்டுக் கதை இதைவிட மோசம். அப்பா லாரி மெக்கானிக். நல்லவர், ஆனால் யார் வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாலும் அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விடும். அம்மா ஒளித்து வைப்பதே அதனால்தான். மகள் எழுதியது அச்சில் வந்திருக்கிறது என்று அப்பா வரிக்கு வரி விரல் வைத்துச் சத்தமாகப் படித்தார். எக்ஸ்ரே வந்ததும் விரல் நின்றது. மெதுவாக நிமிர்ந்து பீரோ மேல் பார்த்தார்.

"ஏம்மா, என் முழங்கால் எக்ஸ்ரே நம்மகிட்டதானே இருக்கு?"

"முழங்கால் நல்லாத்தானே இருக்கு. இப்ப எதுக்கு?" என்றார் அம்மா, மெஷினை நிறுத்தாமல்.

"இல்ல, லேசா வலிக்கிற மாதிரி இருக்கு."

"எந்தக் கால்?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும்."

நாற்காலி மேல் ஏறும்போது முழங்கால் வலித்ததாகத் தெரியவில்லை. எடுத்த பணம் மாலைக்குள், பட்டறைக்குப் பக்கத்து வெல்டர் பையனின் பள்ளிக் கட்டணமாகப் போய்விட்டது. அது அம்மா ஓவர்லாக் மெஷின் வாங்க மூன்று வருடமாகச் சேர்த்தது. அந்த மெஷின் இருந்தால் துணி ஓரம் அடிக்க வெளியே கொடுத்துக் கூலியில் பாதியை இழக்க வேண்டாம். விற்கிறவர் இம்மாதக் கடைசி வரைதான் வைத்திருப்பாராம். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

ஆகவே, வரும் ஞாயிறு என் மன்னிப்பை வெளியிட்டுவிட்டு, என்னை இந்தப் பகுதியிலிருந்து விடுவித்து, பழையபடி குறுக்கெழுத்துக்கு அனுப்பிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அங்கே நான் யார் வீட்டையும் காலி செய்ததில்லை. அச்சுக்கூடத்தார் அனைவருக்கும் என் வணக்கம். தங்கள் வீட்டம்மாவிடமும் என் வருத்தத்தைச் சொல்லவும். திங்கட்கிழமை அவர் தொலைபேசியில் பேசியது என் மேசை வரை கேட்டது. தாங்களும் மழைக்கோட்டைப் பார்த்தீர்களா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

தங்கள் பணிவுள்ள,
பயிற்சி உதவி ஆசிரியை

பி.கு.: நல்ல தாளில் எழுதலாம் என்று இதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டார். மழைக்கோட்டு வந்தபோது சிரிக்கத் தொடங்கியவர், மன்னிப்பு வந்தபோது ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"அடியே, அந்த நாலும் உங்கப்பா கண்டுபிடிக்கறதுக்குன்னே வெச்சதுடி. ஒண்ணுமே கெடைக்கலைன்னா மனுஷன் தேடிக்கிட்டே இருப்பாரு. கேக்கறவங்களுக்குக் குடுக்க அவருக்கும் ஏதாவது வேணுமில்ல?"

"அப்ப மெஷின் காசு?"

"வர்ற வியாழக்கிழமை மெஷின் வருது."

"அதை எங்கம்மா ஒளிச்சு வெச்சே?"

"இதுக்குன்னுதானே பேங்க்குன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. என் பேருல கணக்கு இருக்கு. நீதானே காலேஜ்ல படிச்சே?"

ஆகவே மன்னிப்பு வேண்டாம், குறுக்கெழுத்தும் வேண்டாம். அந்த நாற்பத்தொரு பேருக்கும், சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்குவது எப்படி என்று இந்த வாரம் எழுதுகிறேன். பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரை வேண்டும் என்கிறீர்கள்; எனக்குத் தெரியாமல் இருப்பதே எல்லாருக்கும் நல்லது.